இருபது போய் இருபது வந்த ஊர்

ஒரே ஒரு ஊரிலே, ராஜா ஆளாத ஊரிலே, பாறைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் உடைமரக் காடுமாக இருந்த ஆலம்பொத்தை என்கிற ஊரிலே, ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. முகூர்த்தம் உள்ள நாளில் அங்கே கல்யாணம் நடக்கும், முகூர்த்தம் இல்லாத நாளில் சதவீதம் நடக்கும்.

போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, வாத்தியார் என்று ஒருவரும் இல்லாமல், முந்தின நாள் பந்தியில் சிந்திய ரசத்தின் வாசனை போகாத தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒருவன் கேட்க மற்றவர்கள் சொல்ல, சொல்லிச் சொல்லி, நாக்கில் தழும்பு ஏறும்வரை சொல்லி, பின்னங்களைச் சதவீதம் ஆக்கிக்கொண்டிருப்பார்கள்.

"ரெண்டுல ஒண்ணு?"

"அம்பது."

"நாலுல ஒண்ணு?"

"இருபத்தஞ்சு."

"அஞ்சுல ஒண்ணு?"

"இருபது."

"எட்டுல ஒண்ணு?"

"பன்னெண்டரை."

தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் அந்தத் தாளத்துக்குத்தான் இலையை உருட்டினார்கள், தொட்டில் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குத்தான் தூங்கின, கையெழுத்துப் போடத் தெரியாத கிழவர்கூட எட்டில் ஒன்று பன்னிரண்டரை என்று தூக்கத்தில் உளறுவார். ஆகவே ஆலம்பொத்தையைக் கணக்குத் தெரியாத ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும், பிறகு நடந்ததற்கு அறியாமை காரணம் என்று யாரும் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

கேட்கிறவன் பெயர் இஸ்ரவேல். ஊரிலேயே உயரமானவன். மண்டபத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு பழைய கல்நிலை வாசல் உண்டு, தாழ்ந்த வாசல். தண்ணீர்ப்பானை சமையல்கட்டில் இருந்ததால் தாகம் எடுக்கும்போதெல்லாம் அதன் வழியாகப் போய், மீசை முளைத்த வயதில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு தழும்பு வாங்கி, அப்புறம் குனிந்து போகப் பழகிக்கொண்டான். "ஊர்ல எவனுக்கும் தலை வணங்காதவன் தண்ணிப்பானைக்கு வணங்குதான் பாரு" என்று சின்னப் பிள்ளைகள் கேலி செய்யும்.

பதில் சொல்கிறவர்களில் உரக்கச் சொல்கிறவள் வடிவு. பீடி சுற்றும் பிரமுவின் மகள். ஒரு வருஷம் தேர்வையே ரத்து செய்தார்கள், மறுவருஷம் ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று, அடுத்த தடவைக்கு வயது தாண்டிவிடும், ஆக இந்தத் தடவைதான். போலீஸ் வேலைக்கு மதிப்பெண் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். மண்டபத்தின் நடுத்தூணில் கரிக்கட்டையால் இரண்டு கோடு கிழித்துவைத்திருந்தார்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் கோட்டுக்கு மேலே வடிவின் தலை இரண்டு விரற்கடை நின்றது. "எங்கம்மா எனக்கு எழுதி வச்ச சொத்து அந்த ரெண்டு விரல்தான்" என்று சொல்லித் தூணைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

அப்படி இருக்கையில், ஆனி மாதம் ஒரு விடியற்காலையில், ஊரில் எல்லாரும் ஐந்தில் ஒரு பங்கு குட்டையாக எழுந்தார்கள்.

மனிதர்கள் மட்டும். மாடு அப்படியே இருந்தது, கதவு அப்படியே இருந்தது, செருப்பு தொளதொளத்தது, கட்டில் கால்மாட்டில் இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டது. பால் கறக்கப் போன ஒருவர் பசுவின் முகத்துக்கு நேராகத் தன் முகம் இருப்பதைப் பார்த்து, "என்னம்மா, ராத்திரியில வளந்துட்டே" என்று அதையே விசாரித்தார். தையல்கடை ஐயாத்துரை டேப்பை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக வந்து, அவரவர் பழைய துணியை அவரவர் மேலேயே வைத்து அளந்து, "அஞ்சுல ஒண்ணு போயிருக்கு. எல்லாருக்கும். ஓரவஞ்சனை இல்லை" என்றார். ஓரவஞ்சனை இல்லை என்ற சொல்லிலேயே ஊர் பாதி சமாதானம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனும் குட்டையாகிவிட்ட ஊரில் யாருக்கும் தான் குட்டை என்று தெரிவதில்லை.

ஏன் என்று கேட்க டாக்டர்கள் வந்தார்கள், சாமியாடிகள் வந்தார்கள், படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள், ஒருவருக்கும் தெரியாததால் எல்லாரும் போனார்கள். ஊர் தன் பாட்டைப் பார்த்தது. வேட்டிகளையும் பாவாடைகளையும் ஐயாத்துரை வெட்டித் தைத்தார், வெட்டிய துண்டுகள் தலையணை உறை ஆயின. குழாயடியில் ஒரு கல் போட்டார்கள். சைக்கிள் சீட்டுகளைக் கீழே இறக்கினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் கைகொடுத்து ஏற்றிவிட்டார், ஏறினவர்கள் அரை டிக்கெட் கேட்டார்கள், சண்டை வந்தது. ரேஷன் கடையில் வயிறும் சிறுத்திருக்குமே என்று அரிசியை ஐந்தில் ஒன்று குறைத்தார்கள். ஊர்த்தலைவர் மாடக்கண்ணு பீடிக்கம்பெனிக்கு ஏஜென்டும்கூட. "கை சின்னதாப் போச்சுல்லா, பழைய கட்டைக் குடுத்தா சுத்தி முடிக்க மாட்டீங்க" என்று இலையையும் தூளையும் ஐந்தில் ஒன்று குறைத்தார், இலை குறைந்தால் கூலி குறையும் என்பதைச் சொல்லாமல் விட்டார். ஜனங்கள் சரி என்றார்கள். இஸ்ரவேல் முதல்முறையாகக் கல்நிலை வாசலில் நிமிர்ந்து போனான், அதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள்.

ஒன்றே ஒன்றுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. சுற்றுப்பட்டி எல்லாம் ஆலம்பொத்தையைச் 'சாணூர்' என்று சொல்லிச் சிரித்தது, பேசி முடித்த சம்பந்தங்கள் முறிந்தன, பெண் கொடுக்கவும் ஆள் இல்லை, எடுக்கவும் ஆள் இல்லை. கல்யாணம் நின்றதால் மண்டபம் காலியாகக் கிடந்தது, காலியாகக் கிடந்ததால் சதவீதம் தினமும் நடந்தது. எழுத்துத் தேர்வுக்குப் போனபோது ஆலம்பொத்தைப் பிள்ளைகளின் கால்கள் பெஞ்சிலிருந்து தரையைத் தொடாமல் ஆடின. கண்காணிப்பாளர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழி தவறி வந்துவிட்டதாக நினைத்து விரட்டப் பார்த்தார். வினாத்தாளில் ஒரு கேள்வி இருந்தது: ஓர் அளவு இருபது சதவீதம் குறைந்து, பின்னர் இருபது சதவீதம் அதிகரித்தால், முதலில் இருந்ததைவிட என்ன மாற்றம்? அதைப் படித்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாற்றமில்லை என்று ஒரு விடை இருந்தது, அதை ஒருவரும் தொடவில்லை. நான்கு சதவீதம் குறைவு என்ற வட்டத்தை அத்தனை பேரும் கறுப்பாக்கினார்கள்.

ஆவணி பிறந்து ஒரு விடியற்காலையில், போனது போலவே சொல்லாமல் கொள்ளாமல், உயரம் வந்தது.

ஐயாத்துரை டேப்போடு ஓடிவந்தார். "நேத்து நின்ன உசரத்துல அஞ்சுல ஒண்ணு கூடியிருக்கு. எல்லாருக்கும்." அவர் சொன்னது சத்தியமான வார்த்தை, அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை அதைக் கேட்ட காதுகளில் இருந்தது. கொட்டு வந்தது, பாயசம் வந்தது, மண்டப வாசலில் மைக் கட்டி மாடக்கண்ணு பேசினார். "போனது இருபது. வந்தது இருபது. கணக்கு நேர்." ஊர் கைதட்டியது. நான்கு சதவீதம் குறைவு என்று கறுப்பாக்கிய கைகளும் சேர்ந்து தட்டின. தாகத்துக்கு எழுந்து போன இஸ்ரவேல் பழைய பயத்தில் கல்நிலை வாசலில் குனிந்தான். "பாத்தீங்களா, இஸ்ரவேலு குனிஞ்சுதான் போறான், எல்லாம் பழையபடி ஆயாச்சு" என்று ஒருத்தி சொல்ல, அதுவே சாட்சி ஆயிற்று, அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வடிவு பாயசம் வாங்கவில்லை. நேராக நடுத்தூணுக்குப் போய் முதுகைச் சாய்த்து நின்று உச்சந்தலையில் கையை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். கோடு அவள் கைக்கு மேலே இருந்தது. இரண்டு விரற்கடை மேலே.

முதுகை நிமிர்த்தி நின்றாள், மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள், குதிகாலைத் தூணோடு ஒட்டி நின்றாள். இரண்டு விரற்கடை மேலே.

அவள் பாய் விரித்திருந்த கூட்டத்திடம் வந்தாள். "நாலு குறையுது."

"என்ன நாலு?" என்றான் இஸ்ரவேல்.

"நூறு எம்பதாச்சு. எம்பதுக்குத்தானலே இருபது சதவீதம் கூடியிருக்கு? நூறுக்கா கூடிச்சு? நீதான நூறு தடவை சொல்லிக் குடுத்த."

"அது பேப்பர்ல, வடிவு. மனுசன் என்ன, கடைச் சரக்கா?"

"மனுசனைக் குறைக்கும்போது மட்டும் பேப்பர் கணக்கு சரியா இருந்துச்சே."

ஒருத்தி சிரித்தாள், ஒருவன் தலை குனிந்தான், இஸ்ரவேல் மட்டும் அவளை நேராகப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. ஆண்கள் கோட்டுக்கு மேலே அவனுக்கு ஒரு சாண் மிச்சம் இருந்தது, நான்கு போனாலும் அரைச்சாண் மிஞ்சும். மிச்சம் உள்ளவனுக்கு நான்கு சதவீதம் என்பது ஒரு கேள்வி, மிச்சம் இல்லாதவளுக்கு அது கதவு.

மறுவாரம் மண்டபத்துக்கு வெள்ளையடித்தார்கள், நின்ற கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. கரிக்கோடு சுண்ணாம்புக்குள் போய்விட்டது. ஊரில் அங்கங்கே ஒவ்வொன்றும் எட்டாமல் போயிற்று. கோவில் மணிக்கயிறு எட்டவில்லை, மழையில் கயிறு சுருங்கிவிட்டது என்று நீளக் கயிறு கட்டினார்கள். பரணில் இருந்த பானை எட்டவில்லை, சுவர் ஊறிப் பரண் ஏறிவிட்டது என்றார்கள். குழாயடிக் கல்லை எடுத்துப் பார்த்தார்கள், திரும்பப் போட்டுவிட்டார்கள். ஐந்தில் ஒன்று குறைத்த அரிசியை ஐந்தில் ஒன்று கூட்டினார்கள், ஐந்தில் ஒன்று குறைத்த இலையை ஐந்தில் ஒன்று கூட்டினார்கள்.

"கட்டு லேசா இருக்குளா" என்றாள் பிரமு, இலைக்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து. "பழைய அளவு வந்துட்டுன்னு ஏஜென்ட் அண்ணாச்சி சொல்லுதாரு. எங் கைக்கு வரலியே."

"உன் கை சரியாத்தான் சொல்லுது" என்றாள் வடிவு. தாயின் எதிரே உட்கார்ந்து நூறு இலையை எண்ணி, இருபதை எடுத்து, மிச்சத்துக்கு ஐந்தில் ஒன்று என்று பதினாறைத் திரும்ப வைத்துக் காட்டினாள். முறத்துக்கு வெளியே நான்கு இலை கிடந்தது. பிரமு அந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எழுத்துத் தேர்வில் வடிவு தேறியிருந்தாள். உயரம் அளக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்னே ஊரின் குறையைச் சர்க்காரில் எழுத வைக்க அவள் தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். ஆலம்பொத்தைக்காரி என்று தெரிந்ததும் உதட்டைக் கடித்துச் சிரித்த குமாஸ்தாக்களை எல்லாம் கடந்து, போய்ப் போய், நின்று நின்று, கடைசியில் தாசில்தார் அம்மாவை ஊருக்கே வரவழைத்துவிட்டாள்.

முகூர்த்தம் இல்லாத ஒரு காலையில் மண்டபத்தில் நாற்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்தார், ஊர் முழுக்கத் தரையில் உட்கார்ந்தது. "முன்னாடி நீங்க எவ்வளவு உயரம்னு எங்ககிட்ட ஒண்ணும் இல்லை" என்றார் தாசில்தார். "இன்னும் குறை இருக்குன்னு ஊர் சொல்லணும். சொன்னா, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அளவுல தளர்வு குடுக்கச் சொல்லி எழுதுறேன். ஒருத்தர் சொன்னாப் போதாது. யார் யார் சொல்றீங்க?"

ஊர் மாடக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தது. வடிவு எழுந்து நின்றாள். அவள் தாசில்தாரைப் பார்த்துப் பேசவில்லை, ஊரைப் பார்த்துக் கேட்டாள், இஸ்ரவேல் தினமும் கேட்கிற அதே ராகத்தில்.

"நூறுல இருபது போனா?"

"எம்பது" என்றது மண்டபம். பழக்கம் அப்படி. பீடி சுற்றுகிறவர்களும் கிழவர்களும் இடுப்புப் பிள்ளைக்காரிகளும் சேர்ந்து சொன்னார்கள்.

"எம்பதுல இருபது சதவீதம்?"

"பதினாறு."

"எம்பதும் பதினாறும்?"

"தொண்ணூத்தாறு."

"நூறுக்கு எவ்வளவு குறைச்சல்?"

"நாலு" என்று சுவர்கள் அதிர்ந்தன.

"அந்த நாலு எங்க?"

அதற்குப் பதில் சொல்லி அவர்கள் பழகியிருக்கவில்லை. ஒரு கைப்பிள்ளை மட்டும் ஏதோ சொன்னது.

மாடக்கண்ணு மெதுவாக எழுந்தார். "அம்மா, அது பரீட்சைக் கணக்கு. பிள்ளை படிச்ச படிப்புல பேசுது. ஊருன்னு ஒண்ணு இருக்குல்லா? இப்பத்தான் நாலு பேர் பொண்ணு கேட்டு வாராங்க. சாணூர்ங்கிற பேரு இப்பத்தான் போயிருக்கு. குறை இருக்குன்னு சர்க்கார்ல எழுதிட்டா, நாளைக்கு எவன் இந்த ஊர்ல கை நனைப்பான்? ஒரு பொம்பளப் பிள்ளை வேலைக்காக ஊர் மானத்தைக் குட்டையாக்க முடியுமா?"

"மானம் வளந்துட்டு, ஆளுதான் வளரலியா அண்ணாச்சி?" என்றாள் வடிவு.

பிரமு எழுந்தாள். முந்தானை முடிச்சைப் பிடித்தபடி, "இலையும் குறையத்தான் செய்யுது" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

மாடக்கண்ணு அவளைப் பார்த்துச் சிரித்தார். "பிரமுக்கா, நாளைக்கும் இலை வாங்க நம்மகிட்டதான வரணும்?"

பிரமு மகளைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்கு காய்ந்த இலைகளை மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, வெளியே நடந்தாள். அவள் போனதும் கூட்டத்துக்கு வழி கிடைத்த மாதிரி ஆயிற்று. உலை கொதிக்கிறது என்று ஒருத்தி எழுந்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஒருவர், பிள்ளை அழுகிறது என்று ஒருத்தி, அழாத பிள்ளையைக் கிள்ளிவிட்டு எழுந்தவளும் உண்டு. ஐயாத்துரை டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, "நான் அளந்தது சரிதான்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். தாசில்தாரை ஜீப் வரை வழியனுப்பக் காத்திருந்த மாடக்கண்ணுகூட, "நீங்க முன்னால போங்க, நான் இன்னும் மூடலை" என்று அந்த அம்மா பேனாவைக் காட்டியதும் போய்விட்டார். கூடப் படித்தவர்கள் பாயைச் சுருட்டினார்கள். ஒரு பெண், அவளும் கோட்டுக்குக் கீழே போனவள்தான், வடிவின் தோளைத் தொட்டுவிட்டு, "எனக்கு வர்ற தையில கல்யாணம், வடிவக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இஸ்ரவேல் மட்டும் இருந்தான்.

"மேடம்" என்றாள் வடிவு. "தூணுல கோடு இருந்துச்சு, வெள்ளையடிச்சுட்டாங்க. அந்த வாசல் கல்லு, அதை ஒண்ணும் செய்ய முடியாது. இவன் நெத்தியில இருக்க தழும்பு அதுல இடிச்சது, ஊருக்கே தெரியும். அன்னைக்கு இடிச்ச தலை இன்னைக்கு இடிக்காது. நிமிந்து போகச் சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்குதேன்."

தாசில்தார் தழும்பைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "போங்க தம்பி. சும்மா நடந்து போங்க. இடிக்கலைன்னா நான் எழுதிடுறேன். ஊர் சொல்லலைன்னாலும் பரவாயில்லை, நான் கண்ணால பாத்ததை எழுதுறேன்."

இஸ்ரவேல் வடிவின் பக்கமாக வந்து தணிந்த குரலில் சொன்னான். "விசாரணைன்னு வந்தா எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருவாங்க, வடிவு. மறுபடி ரத்து ஆனாலும் ஆயிரும். எனக்கு இந்தத் தடவை நிச்சயம் வந்துரும்."

"தெரியும்."

"எங்க வீட்லயும் கஷ்டம்தான்."

"தெரியும். நான் உன்கிட்ட வேலையக் கேக்கல. குனியாம ஒரு வாசலைத் தாண்டச் சொல்லுதேன்."

அவன் நடந்தான். மண்டபம் காலியாக இருந்ததால் அவன் அடி ஒவ்வொன்றும் கேட்டது. கல்நிலைக்கு அருகே போய் நின்றான், நிமிர்ந்துதான் நின்றான். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் அவன் தலைக்கும் கல்லுக்கும் நடுவே தெரிந்தது, வடிவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது, இரண்டு விரற்கடை வெளிச்சம், கோட்டுக்கு அவளிடம் குறைகிற அதே இரண்டு விரல். தாசில்தார் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

அப்போது இஸ்ரவேல் குனிந்தான். எப்போதும் குனிகிறதைவிட நன்றாகக் குனிந்தான், இடிக்கும் என்று உண்மையாகவே பயந்தவன் போல ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு குனிந்து அந்தப் பக்கம் போனான்.

தாசில்தார் பேனாவை மூடி, "வர்றேம்மா" என்று சொல்லி முன்வாசல் வழியாக ஜீப்புக்குப் போனார்.

வடிவு உள்ளங்கையைத் திறந்தாள். இலைகள் பொடியாகியிருந்தன. வெள்ளைத் தூணில் பழைய கோடு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகத் தேடிக் கையை வைத்துக்கொண்டு, கல்நிலை வழியே பார்த்தபடி நின்றாள். சமையல்கட்டைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, பாறைக்கு அந்தப் பக்கத்து உடைமரக் காட்டை நோக்கி இஸ்ரவேல் போய்க்கொண்டிருந்தான். மேலே நிலை இல்லை, கூரை இல்லை, ஒரு கிளைகூட இல்லை, வெறும் வானம்தான் இருந்தது. அவன் இன்னும் நிமிராமல், கையை நெற்றியிலிருந்து எடுக்காமல், குனிந்தபடியே நடந்து போனான்.